ஒரே கடல், இரண்டு கணக்கு: எண்ணெய் தீர்ந்துபோவதன் விலையை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது எப்படி?

வட கடலில் ஸ்டாட்ஃபியோர்ட் என்று ஓர் எண்ணெய் வயல் உண்டு. 1974-இல் கண்டுபிடித்தார்கள், 1979-இல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1965-இல், பிரிட்டனும் நார்வேயும் கடலுக்கு நடுவே கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கோடு சரியாக இந்த வயலின் மேல் விழுந்தது. பேசித் தீர்த்ததில் சுமார் 85 சதவீதம் நார்வேக்கு, மீதி 15 சதவீதம் பிரிட்டனுக்கு. அடியில் இருந்தது ஒரே பாறை, ஒரே எண்ணெய். மேலே வந்தவுடன் இரண்டு நாட்டுக் கணக்கில் ஏறியது.

இந்த ஒரு வயல் மட்டுமில்லை. வட கடலிலிருந்து இரண்டு நாடுகளும் இதுவரை எடுத்திருக்கும் எண்ணெய், எரிவாயுவின் மொத்த அளவு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். எடுக்கத் தொடங்கிய காலமும் ஒன்றுதான், வாங்கிய உலகச் சந்தையும் ஒன்றுதான். ஆனால் எண்ணெய் தீரத் தீர இரு நாடுகளும் இழந்தது என்ன என்று கேட்டால் பதில் வெவ்வேறாக வருகிறது. எரிசக்தி வளம் தீர்வதன் பொருளாதார விலை என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலில் அடிப்படைச் சிக்கல். ஒரு நாடு பூமிக்கடியிலிருந்து எண்ணெயை எடுத்து விற்றால், அந்தத் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், வருமானமாகச் சேரும். எடுத்த எண்ணெய் திரும்ப வராது என்பது அங்கே எங்கும் பதிவாகாது. பூர்வீக நிலத்தை வருஷத்துக்குப் பத்து சென்ட் என்று விற்றுக்கொண்டு, அந்தப் பணத்தைச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கையில் காசு புரளும், வீட்டில் விசேஷம் நடக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் மட்டும் நிலம் குறைந்துகொண்டே போகும். ஜிடிபி பார்ப்பது அந்த வீட்டு விசேஷத்தைத்தான், பத்திரத்தை அல்ல.

இயந்திரம் பழசானால் தேய்மானம் எழுதுகிறோம். எண்ணெய் வயல் வற்றினால் ஏன் எழுதக்கூடாது? இந்தக் கேள்விக்கு உலக வங்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எரிசக்தி வளக் குறைவு என்று அதைச் சொல்லலாம். நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு மூன்றும் இதில் அடக்கம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதை மொத்த தேசிய வருமானத்தின் சதவீதமாகக் கொடுப்பார்கள். ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்பதுதான் காரணம், ஆனால் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அந்தச் சதவீதத்தில்தான்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு பீப்பாய் எண்ணெய் 80 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோண்ட, ஆள் வைக்க, குழாய் போட, முதல் போட்டவருக்கு நியாயமான லாபம் கொடுக்க என எல்லாம் சேர்த்து 20 டாலர் ஆகிறது. மீதி 60 டாலர். இது யாருடைய உழைப்பாலும் வந்ததல்ல. அந்த எண்ணெய் அங்கே இருந்தது என்பதால் மட்டுமே கிடைத்தது. இதை வள உபரி என்று சொல்லலாம். ஆண்டுக்கு 10 கோடி பீப்பாய் எடுத்தால் உபரி 600 கோடி டாலர். அந்த நாட்டின் தேசிய வருமானம் 20,000 கோடி டாலர் என்றால், அது வருமானத்தில் 3 சதவீதம். அதே 10 கோடி பீப்பாயை 2,00,000 கோடி டாலர் வருமானமுள்ள பெரிய நாடு எடுத்தால் 0.3 சதவீதம்தான். எண்ணெயும் உபரியும் ஒன்றுதான், சதவீதம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

உபரி முழுவதையும் இழப்பாக எழுதுவது ஒரு வழி. பழைய கணக்குகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் இன்னும் நூறு ஆண்டுக்கு எண்ணெய் வைத்திருப்பவரும் அடுத்த ஐந்து ஆண்டில் தீரப்போகிறவரும் ஒன்றாகிவிடுவார்களே? அதனால் உலக வங்கி பிற்பாடு முறையைக் கொஞ்சம் மாற்றியது. மிச்சமிருக்கும் இருப்பிலிருந்து வரும் ஆண்டுகளில் வரக்கூடிய உபரிகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையை, இருப்பு இன்னும் எத்தனை ஆண்டு தாங்குமோ அத்தனையால் வகுக்கிறார்கள். வருவதுதான் அந்த ஆண்டின் வளக் குறைவு.

இதன் பின்னால் இருக்கும் எண்ணத்தை உலக வங்கியில் பணியாற்றிய எகிப்தியப் பொருளாதார அறிஞர் சலா எல் செராஃபி 1989-இல் அழகாகச் சொன்னார். 100 ரூபாய் உபரி வருகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி வட்டிக்கு விட்டுக்கொண்டே வந்தால், எண்ணெய் தீர்ந்த பிறகும் அந்த வட்டி, மீதிப் பகுதிக்குச் சமமான வருமானத்தை என்றைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒதுக்க வேண்டிய பகுதிதான் வளம் தீர்வதன் உண்மையான விலை. மீதியைத்தான் வருமானம் என்று மனசாட்சியோடு சொல்லலாம். வட்டி 5 சதவீதம் என்று வைத்து அவருடைய சூத்திரத்தில் போட்டால், இருப்பு 40 ஆண்டு தாங்கும் நாடு 100 ரூபாயில் சுமார் 14 ரூபாய் ஒதுக்கினால் போதும். 20 ஆண்டு தாங்குமென்றால் 36 ரூபாய். 10 ஆண்டுதான் என்றால் 58 ரூபாய்க்கு மேல். அடித்தட்டு தெரியத் தொடங்கிய நாடு வந்த பணத்தில் பாதிக்கு மேல் தொடவே கூடாது.

சரி, இப்போது இரண்டு நாடுகளுக்கு வருவோம்.

உலக வங்கி அட்டவணையில் நார்வேயையும் பிரிட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நார்வேயின் வளக் குறைவுச் சதவீதம் பிரிட்டனுடையதைப்போலப் பல மடங்கு. இதை மட்டும் பார்ப்பவர் நார்வே தன் சொத்தைக் காலிசெய்கிறது, பிரிட்டன் பத்திரமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். நடந்தது நேர்மாறு.

நார்வேயில் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். பிரிட்டனில் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு. பொருளாதாரமும் பெரியது. மேலே போட்ட கணக்குப்படி வகுக்கும் எண் பெரிதானால் சதவீதம் சுருங்கத்தான் செய்யும். அதுபோக பிரிட்டனின் எண்ணெய் உற்பத்தி 1999-இல் உச்சம் தொட்டது, அப்புறம் ஒரே சரிவு. 2004-இலேயே அது எரிசக்தியை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. எடுக்க அதிகமில்லாத நாட்டில் வளக் குறைவும் அதிகமிருக்காது. இன்றைய சிறிய எண் சிக்கனத்தின் அடையாளம் அல்ல, பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டதன் அடையாளம்.

இன்னொரு விஷயம் இதைவிட எரிச்சலூட்டக்கூடியது. பிரிட்டன் மிக வேகமாக எண்ணெயை இறைத்த 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய் அடிமாட்டு விலைக்குப் போனது. 1998 கடைசியில் பீப்பாய் சுமார் 10 டாலர்தான். விலை குறைவு என்றால் உபரி குறைவு, உபரி குறைவு என்றால் ஏட்டில் எழுதும் வளக் குறைவும் குறைவு. பீப்பாய் கணக்கில் பிரிட்டன் அதிகம் இழந்த காலம், பண அட்டவணையில் அடக்கமாகத் தெரிகிறது. 2011 முதல் 2013 வரை பீப்பாய் 110 டாலரைத் தொட்டு நின்றபோது பிரிட்டனிடம் உச்சத்தில் எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாடுகளின் ஒரே ஓர் ஆண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்து ஒப்பிடுவதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். அந்த ஆண்டு சந்தையில் விலை என்ன என்பதைத்தான் அது பாதிக்குமேல் சொல்லும். 2014 நடுவில் 110 டாலருக்கு மேலிருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. நார்வே அதே வேகத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தது, அட்டவணையில் மட்டும் அதன் இழப்பு சட்டென்று வற்றியது. 2022-இல் ரஷ்யாவின் எரிவாயு பெருமளவு குறைந்து ஐரோப்பாவில் விலை ஏறியபோது கதை தலைகீழானது.

இருப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்ற எண்ணும் கல்லில் பொறித்ததல்ல. நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பல கிணறுகள் வெறுங்குழியாகப் போய், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஃபிலிப்ஸ் கைகழுவிவிட்டுக் கிளம்பும் நிலையில் இருந்தபோது, 1969 கடைசியில் அகப்பட்டது. சுண்ணப் பாறை. அதிலிருக்கும் எண்ணெயில் 17 சதவீதம் போலத்தான் மேலே வரும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். எண்ணெய் வெளியேற வெளியேறப் பாறை நசுங்கிக் கடல்தளமே இறங்கத் தொடங்கியது. அலை தளத்தின் மேல் ஏறிவிடும் என்று பயந்து 1987-இல் கடலில் நின்ற இரும்புத் தளங்களை அப்படியே 6 மீட்டர் தூக்கிவைத்தார்கள். அதே காலத்தில் பாறைக்குள் கடல்நீரைச் செலுத்தவும் ஆரம்பித்தார்கள். இன்று அந்த வயலிலிருந்து பாதி எண்ணெயை எடுத்துவிட முடியும் என்று கணிப்பு. 17 எங்கே, 50 எங்கே! இருப்பு பெருகினால் ஆயுள் நீளும், ஆண்டுக்கு ஒதுக்க வேண்டிய தொகை குறையும். அதனால் 1975-இல் போட்ட வளக் குறைவுக் கணக்கு 1995-இல் செல்லாது.

அப்படியானால் எதை ஒப்பிடுவது?

வளக் குறைவைத் தனியாக வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதை ஈடுகட்ட நாடு என்ன சேர்த்து வைத்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த ஜான் ஹார்ட்விக் என்ற பொருளாதார அறிஞர் 1977-இல் சொன்ன விதி இதுதான்: தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் உபரியை முழுக்க வேறு சொத்தாக மாற்றிவிட்டால், வளம் குறைந்தாலும் மக்களின் நுகர்வு குறையவேண்டியதில்லை. உலக வங்கி இதை ஒரே எண்ணாக்கியது. நாட்டின் மொத்தச் சேமிப்பை எடுத்துக்கொள். கட்டடம், இயந்திரத்தின் தேய்மானத்தைக் கழி. கல்விக்குச் செலவழித்ததைக் கூட்டு. எரிசக்தி, கனிமம், காடு ஆகியவற்றின் குறைவைக் கழி. கரியமில வாயுவும் காற்று மாசும் செய்யும் சேதத்தையும் கழி. மிஞ்சுவது திருத்திய நிகரச் சேமிப்பு. அது பல ஆண்டுகள் தொடர்ந்து சுழியத்துக்குக் கீழே இருந்தால் நாடு சொத்தை விற்றுச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

நார்வேயின் பெரிய வளக் குறைவுக்கு எதிரே இருப்பது அதன் எண்ணெய் நிதி. 1990-இல் சட்டம் போட்டார்கள். முதல் பணம் உள்ளே வந்தது 1996-இல்தான். அதுவரை வரவுசெலவே பற்றாக்குறையில் இருந்ததால் ஆறு ஆண்டு பெட்டி காலி. எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் சாதாரண வரியும் சிறப்பு வரியும் சேர்த்து 78 சதவீதம் அரசுக்குப் போகிறது. இதுபோக அரசே பல வயல்களில் நேரடிப் பங்கு வைத்திருக்கிறது. எண்ணெயிலிருந்து அரசுக்கு வரும் நிகர வருமானம் நிதிக்குள் போகும். நிதி உள்நாட்டில் முதலீடு செய்யாது, வெளிநாட்டில்தான் போடும், பெரும்பாலும் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும். ஆண்டு வரவுசெலவுக்கு எடுப்பது நிதியின் நீண்டகால வருவாய் அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்று 2001-இல் ஒரு வரம்பு வைத்தார்கள். அன்று 4 சதவீதம், 2017-இலிருந்து 3 சதவீதம். எல் செராஃபியின் தாளில் இருந்தது ஒரு நாட்டின் பட்ஜெட் விதியாக மாறினால் எப்படியிருக்கும் என்றால், கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். 2024 இறுதியில் நிதியின் மதிப்பு 19 லட்சம் கோடி நார்வே குரோனருக்கு மேல். ஆளுக்குப் பிரித்தால் சுமார் 35 லட்சம் குரோனர். அதில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பணமே அல்ல, முதலீடு ஈட்டியது.

இன்னொரு நல்ல பழக்கமும் அவர்களிடம் உண்டு. நார்வேயின் புள்ளிவிவரத் துறை எண்ணெயையும் கடல் கப்பல் போக்குவரத்தையும் நீக்கி, நிலப்பரப்பின் ஜிடிபியைத் தனியாக வெளியிடுகிறது. ஊர்ப் பேச்சிலும் பத்திரிகையிலும் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். எண்ணெயில் வந்த வளர்ச்சியைப் பார்த்து ஏமாறாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை.

பிரிட்டனில் நிதி எதுவும் இல்லை. 1976-இல் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற நாடு அது. எண்ணெய் வந்தபோது அது உடனடித் தேவைக்குப் போனது. 1984-85-இல் வட கடலிலிருந்து அரசுக்கு வந்த வரி சுமார் 1,200 கோடி பவுண்டு. அதே காலத்தில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கு மேல். எண்ணெய்ப் பணம் பொதுக் கணக்கில் கலந்து, உதவித்தொகைக்கும் வரிக்குறைப்புக்கும் கரைந்தது. ஆளுக்குப் பிரித்தால் நார்வேக்காரருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான் பிரிட்டன்காரருக்கு வரும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நார்வே மாதிரியே செய்திருந்தாலும் அதே செழிப்பு வந்திருக்காது. ஆனால் ஆளுக்குக் கொஞ்சமாக இருப்பது சேமிக்காததற்குக் காரணமாகுமா? எனக்கு அது ஒப்புக்கொள்ளும்படி இல்லை.

ஏனென்றால் பிரிட்டனுக்குள்ளேயே வேறு மாதிரி நடந்துகொண்ட ஓர் ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள், மக்கள் 23,000 போல. எண்ணெய்க் குழாய்கள் தங்கள் கரைக்கு வரப்போகின்றன என்று தெரிந்ததும், 1974-இல் நாடாளுமன்றத்தில் தங்களுக்கென்று தனிச் சட்டம் வாங்கிக்கொண்டார்கள். சல்லம் வோ முனையத்துக்கு வரும் எண்ணெய்க்கு நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்டு வாங்கி அறக்கட்டளையில் போட்டார்கள். லண்டன் செய்யாததை ஒரு தீவு மன்றம் செய்தது. பிரிட்டன் அரசு 2022-இல் எண்ணெய் நிறுவனங்கள் மேல் கூடுதல் லாப வரி போட்டு, 2024 நவம்பரில் அதை உயர்த்தியபோது மொத்த வரி 78 சதவீதமானது. நார்வேயின் அதே எண். அதற்குள் எண்ணெயில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

நார்வேயைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரியமில வாயுவின் சேதத்தை, எண்ணெய் எங்கே எரிகிறதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் கழிப்பார்கள். நார்வேயில் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து, புதிதாக விற்கும் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார். வீட்டில் புகை கம்மி. விற்ற எண்ணெயின் புகை ஜெர்மனியின் கணக்கில், நெதர்லாந்தின் கணக்கில். பழைய தளங்களைப் பிரித்தெடுக்கும் செலவும் வளக் குறைவு எண்ணில் தனியாகத் தெரியாது. 2017-இல் வட கடலின் பிரிட்டன் பகுதியில் இருந்த பிரென்ட் டெல்டா தளத்தின் 24,000 டன் மேற்பகுதியை ஒரே தூக்காகத் தூக்கி இங்கிலாந்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதிரி வேலைகளுக்கு நிறுவனங்கள் வரிச் சலுகை பெறுவதால், பணம் வந்த காலத்தில் பிறக்காத ஆட்களும் அதில் பங்கு கட்டுகிறார்கள்.

நிதி என்று ஒன்று இருந்தாலே போதுமா என்றால், கிழக்குத் திமோரைப் பார்க்கலாம். 2005-இல் நார்வேயைப் பார்த்தே நிதி தொடங்கினார்கள், விதியும் அதே மாதிரிதான், எண்ணெய்ச் சொத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம். ஆனால் ஏழை நாடு, சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு விதியைத் தாண்டி எடுத்துக்கொண்டே வந்தார்கள். எடுத்த பணத்தில் போட்ட சாலையும் ஒரு சொத்துதான் என்பதால் அதைத் தப்பு என்று சட்டென்று சொல்ல முடியாது. அந்தச் சாலையால் என்ன வருமானம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

இந்தியாவை இந்த அட்டவணையில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கணக்கில் பெரிய பங்கு நிலக்கரிக்கு. எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. சென்னையில் ஒருவர் வண்டிக்குப் போடும் பெட்ரோல் ஈராக்கிலிருந்து வந்த கச்சா எண்ணெய் என்றால், அதன் வளக் குறைவு ஈராக்கின் ஏட்டில் எழுதப்படும், புகை நம் ஏட்டில். அதனால் இந்தியாவையும் ஈராக்கையும் வைத்து யார் அதிகம் இழக்கிறார்கள் என்று வளக் குறைவுச் சதவீதத்தை மட்டும் கொண்டு கேட்பது பொருந்தாது. ஈராக் அந்தப் பணத்தை எதுவாக மாற்றியது என்பதை அதன் நிகரச் சேமிப்பில் பார்க்க வேண்டும். நமக்கு அதே பெட்ரோலின் விலை இறக்குமதிக்குக் கட்டும் டாலரில் இருக்கிறது.